ஈரத் தீக்குச்சிகளும் ஏழுமலையின் பிள்ளையார் பாட்டும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. லண்டனில் நான் வேலை பார்க்கும் இசைத்தட்டுக் கடையின் முதலாளி, ஒரு பழைய பாட்டுக்காக என்னைத் திருவண்ணாமலைக்கு அனுப்பினார்.
2. பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. அதைப் பாடிய பெண்மணி கேசட்டோடு அடி அண்ணாமலையில் இருந்தார்.
3. பாட்டைத் தர ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.
4. மறுநாள் காலை அந்த நிபந்தனையின்மேல் ஒரு பிள்ளையார் பாட்டு பதிவானது.
5. பாட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை.

முதலாளி டெரிக்கிடம் டிரங்க் காலில் பேசியபோது ஐந்தாவதை மட்டும் சொன்னேன். மற்றவற்றை விளக்க லைன் போதாது.

டெரிக்கின் தொழிலையும் விளக்க வேண்டும். பங்க் ராக் என்பது எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் அடித்த ஒரு காய்ச்சல். வேலை கிடைக்காத பையன்களும் பெண்களும் கிட்டார் வாங்கி, வாசிக்கக் கற்பதற்கு முன்பே குழு ஆரம்பித்து, கைக்காசில் சில நூறு தட்டுகள் அடித்து, அவை விற்பதற்குள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பத்து வருஷம் கழித்து இப்போது அந்தத் தட்டுகளைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. டெரிக் மாதிரி ஆட்கள் குழுவுக்கு ஒரு பாட்டாகப் பொறுக்கித் தொகுப்புத் தட்டு போடுகிறார்கள். இந்த உலகத்தின் மரியாதை தலைகீழானது. நூறு தட்டு அடித்தவர்கள் மேதைகள். ஆயிரம் விற்றுவிட்டால் வியாபாரிகள். தட்டே போடாமல் ஒரு கேசட்டோடு கலைந்துபோனவர்களைப் பற்றிப் பேசும்போது டெரிக்கின் குரல் தாழ்ந்துவிடும்.

ஈரத் தீக்குச்சிகள் என்ற குழு அந்தக் கடைசி ரகம். மூன்று பெண்கள். லின் பாடினார், கிட்டாரும் அடித்தார். ஜூன் டிரம்ஸ். மூன்றாமவர் இப்போது ஆஸ்திரேலியாவில் மாடு வளர்க்கிறார். "எனக்கு எதுவும் ஞாபகமில்லை, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டார். அவர்கள் பதிவு செய்த ஒரே பாட்டின் பெயர் 'வரிசையில் நில்'. அதைக் கேட்டவர்கள் லண்டனிலேயே பத்துப் பேர் இருப்பார்களா என்பது சந்தேகம். கேட்டதாகச் சொல்பவர்கள் நிறையப் பேர்.

பொதுவாகத் தொகுப்பு போடுகிறவர்கள் அனுமதி கேட்பதில்லை. டெரிக்கும் கேட்டதில்லை, ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும்வரை. ஆவணியில் அண்ணன் கல்யாணத்துக்கு நான் பினாங்கு போகவிருந்தேன். "இந்தியா வழியில்தானே இருக்கிறது" என்றார். உலகப் படத்தில் இருக்கிறதுதான்.

நான் பிறந்தது பினாங்கில். லண்டனில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, டெரிக்கின் கடைப் பின்னறையில் பழைய நாடாக்களைச் சுத்தம் செய்து தட்டுக்குத் தயார் செய்கிறேன். இந்த இசை எனக்குப் பிடிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். என் வேலை இரைச்சலைக் குறைப்பது. இந்தப் பாட்டுகளில் அதை அளவாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சாது.

முதல் நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடியிருந்த பெரிய பெட்டிக்கு அருகில் இடம் கிடைத்தது. மடியில் இருந்த பையைக் கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா அது, ரேடியோவா?"

"கேசட் ரெக்கார்டர்."

"மேல வெச்சா மூட்ட போட்டு நசுக்கிடுவானுங்க. இந்தப் பொட்டி மேல வெய்யி. ஒருத்தன் கை வெக்கமாட்டான்."

ஒருவரும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் கை வெந்திருக்கும்.

பக்கத்து இருக்கை அம்மா வேர்க்கடலை மூட்டையோடு வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். ஒரு கை அள்ளி என் மடியில் போட்டுவிட்டுத்தான் விசாரித்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"பினாங்கு."

"அது போளூர் தாண்டியா?"

"கடல் தாண்டிம்மா. மலேசியா."

"தமிழ் நல்லாதான் பேசற." ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "புஸ்தகத்துல இருக்கிற மாதிரி."

லாட்ஜுக்கு வந்து ரெக்கார்டரைத் திறந்தேன். உள்ளே நாடாவை ஓட்டும் ரப்பர் பெல்ட், இன்ஜின் சூட்டில் இளகி, ஆறிப்போன இடியாப்பம் மாதிரி தொங்கியது. மாற்று பெல்ட் லண்டனில் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. கீழே இறங்கிப்போய் மல்லாட்டைச் சட்னியோடு நான்கு தோசை சாப்பிட்டேன். பினாங்கில் தோசைக்கு மீன் குழம்பு ஊற்றுவார்கள் என்று பரிமாறியவரிடம் சொன்னேன். "கோயில் ஊர்லம்மா இதெல்லாம் பேசற" என்று இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

இரண்டாம் நாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். மலையைச் சுற்றும் பாதையில் உள்ள கிராமம் அது. டெரிக் எனக்குக் காட்டிய ஒரே புகைப்படத்தில் லின் காதில் ஊக்கு மாட்டிக்கொண்டு கேமராவை முறைத்தார். இப்போது ஊக்கு புடவைத் தலைப்பைத் தோளில் பிடித்துக்கொண்டிருந்தது. முறைப்பு இல்லை.

"வா, குந்து" என்றார் தமிழில்.

அவருடைய தமிழ் முழுவதும், அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா தனலட்சுமி கற்றுக்கொடுத்தது. தனலட்சுமிக்கு மல்லாட்டை நிலம் கொஞ்சம், சாலையோரம் ஒரு கற்பூரக் கடை. கடையில் பௌர்ணமிக்கு மட்டும் கூட்டம். ஆடி மாதம் என்பதால் இருவருமாகக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது, கடித்துக்கொள்ள வெங்காயத்தோடு.

"லீலாம்மா பாட்டு பாடுவாங்களாமே?" என்று தனலட்சுமி என்னைக் கேட்டார். ஊரில் லின்னுக்கு அதுதான் பெயர். "இங்க வந்து அஞ்சாறு வருசம் ஆவுது. ஒரு நாள் வாயத் தொறந்து பாடினதில்ல."

"பாட்டு மாதிரி ஒன்று" என்றேன்.

"கத்துவேன்" என்று லின் திருத்தினார்.

அனுமதித் தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் படிக்கவில்லை. இப்போது ஆங்கிலத்தில் பேசினார்.

"பாட்டை எடுத்துக்கொள். அது போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் பேச்சு இருக்கிறது. அது முழுதாக வர வேண்டும். வராவிட்டால் பாட்டும் கிடையாது."

பதிவு நடந்தது ஜூன் வீட்டு மாடியறையில். ரெக்கார்டரை முன்கூட்டியே அழுத்திவிட்டார்கள். நாற்காலி இழுபடும், கிட்டாரைச் சரி செய்யும் சத்தம் கேட்கும். அப்புறம் ஜூன் சொல்வாள்: "யாராவது ஜன்னலைச் சாத்துங்களேன், எங்கம்மாவுக்குக் கேட்கும்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணுவாள். பாட்டு ஆரம்பிக்கும். பாட்டில் அவளுக்குக் குரல் இல்லை, டிரம்ஸ் மட்டும். அடுத்த வருஷமே ஜூன் சாலை விபத்தில் இறந்துபோனாள். அவள் குரல் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

இதையெல்லாம் லின் மனப்பாடமாகத்தான் சொன்னார். கேசட்டைப் போட்டுக் கேட்க அவரிடம் கருவி இல்லை. இங்கே வந்த வருஷமே விற்றுவிட்டாராம்.

"கேசட் நாட்டை விட்டுப் போகக் கூடாது. காப்பி எடுத்துக்கொண்டு நாளை சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடு" என்றார். மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களை, யாரும் தவறி மேலே பதிவு செய்துவிடாதபடி, அன்றே உடைத்து வைத்திருந்தார். முன்யோசனை உள்ளவர்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தேரடி வீதிப் பக்கம் ஏழுமலை என்பவரின் மைக் செட் கடைக்கு லாட்ஜில் வழி சொன்னார்கள். கல்யாணம், கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற கடை. புனல் ஸ்பீக்கர்கள் வாசலில் ஊமத்தம்பூக்களைக் கவிழ்த்த மாதிரி குவிந்திருந்தன. ஒன்று மட்டும் கம்பத்தில் ஏறி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழுமலை நாற்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி.

"காப்பி போடணுமா? பாட்டா, பிரசங்கமா?"

"பாட்டு. இங்கிலீஷ்."

"ஒரு தபா ஓட்டிப் பாத்துடலாம். லெவல் தெரியணுமில்ல."

ஓட்டினார். கம்பத்து ஸ்பீக்கர் இணைப்பில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நாற்காலி இழுபட்டது. ஜூன் பேசினாள், குரல் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், அம்மாவுக்குக் கேட்குமே என்று. தேரடி வீதி முழுவதற்கும் கேட்டது. சிரித்தாள், எண்ணினாள். பிறகு 'வரிசையில் நில்' திருவண்ணாமலையின்மேல் இறங்கியது.

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். "ஏழுமல, மிஷின்ல இன்னாவோ மாட்டிக்கிச்சு பாரு."

"பாட்டுய்யா அது."

"யாரு பாடறது?"

"அடி அண்ணாமலை லீலாம்மாவாம்."

"அந்த வெள்ளக்காரம்மாவா?" அவர் முகம் இளகிவிட்டது. "பாவம், அவங்களுக்கு இன்னா கஷ்டமோ."

ஏழுமலை கடைசிவரை தலையாட்டாமல் கேட்டார். "நல்லாதான் இருக்குது. சுருதி கம்மி, கோவம் ஜாஸ்தி" என்றார். இந்த வகை இசையைப் பற்றி டெரிக் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இதைவிடத் துல்லியமாக எழுதியதில்லை.

"காப்பி போட்டு வெக்கிறேன். நீங்க டிபன் சாப்ட்டு வந்துடுங்க."

"ஒரிஜினல்ல எதையும் அழிச்சிடாதீங்க, அண்ணே."

"பாட்ட யாராவது அழிப்பாங்களாம்மா?"

பொங்கல் சாப்பிட்டேன். மிளகு பாதி, பொங்கல் பாதி. ஒரு வடையும் காபியும். லண்டனில் இதே நேரத்துக்கு எனக்குக் கிடைப்பது ஒரு ரொட்டித் துண்டும் டெரிக்கின் அபிப்பிராயங்களும்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பாட்டு கேட்டது. பிள்ளையார் பாட்டு. கம்பத்து ஸ்பீக்கரில் ஒரு கணீர்க் குரல், பின்னால் சுருதிப் பெட்டி. கடை வாசலுக்கு வந்தால் பாடுவது ஏழுமலையேதான். கண்ணை மூடி, மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினார். காலையில் கடையை இப்படித்தான் தொடங்குவார் போலிருக்கிறது என்று நினைத்து, குறுக்கே போகாமல் வாசலில் நின்று முழுதும் கேட்டேன். நன்றாகத்தான் பாடினார்.

முடித்ததும் சட்டென்று குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினார். உள்ளே போனேன். அப்போது கவனித்தவை: அழுத்தியது நிறுத்தும் பொத்தான். பக்கத்தில் பதிவுக்கான சிவப்பு விளக்கு அப்போதுதான் அணைந்தது. உள்ளே இருந்தது லின்னின் கேசட். உடைத்த பற்களின் ஓட்டைகளில், மறுபடி பதிவாகும்படி, செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"என்ன பண்ணினீங்க, அண்ணே?"

"பிள்ளையார் பாட்டு இல்லாத கேசட்டு நம்ம கடையவிட்டுப் போனதே இல்லம்மா. அப்பா காலத்துலேருந்து வழக்கம். இதுல பாட்டுக்கு முன்னால கொஞ்சம் இடம் சும்மா கெடந்துச்சு. மூலத்துலயே போட்டுட்டா எல்லா காப்பிலயும் தானா வந்துடும் பாருங்க." ரெக்கார்டரில் ஓடும் எண்களைக் காட்டினார். "பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு குறிச்சு வெச்சுக்கினேன். கரெக்டா நிறுத்திட்டேன். பாட்டு மேல ஒரு பொட்டு படல."

"சும்மா கிடக்கலியே. அதுல ஒரு பொண்ணு பேசினாளே."

"ஆமா, ஏதோ பேசிக்கினு இருந்துச்சு. பேச்சுதானேம்மா."

ஜூனைப் பற்றிச் சொன்னேன். நான்கைந்து வாக்கியத்துக்குமேல் ஆகவில்லை. ஏழுமலை எழுந்து ஆம்ப்ளிபயரின் ஸ்விட்சை அணைத்தார். ஆடி வெள்ளி, முற்பகல், தேரடி வீதியில் சத்தம் நின்றுவிட்டது. "கரண்ட் போச்சா?" என்று டீக்கடையிலிருந்து கேட்டார்கள்.

என் ரெக்கார்டர் போனாலும் ஹெட்போன் பிழைத்திருந்தது. அதை மாட்டிக் கேசட்டை ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். ஏழுமலையின் குரல். சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வேறு ஏதோ இருந்தது. மறுபடி ஓட்டினேன். நாற்காலி இழுபடும் சத்தம். இன்னொரு மூச்சில், வெகு ஆழத்தில், ஜன்னல் என்ற சொல்.

மேல்மூடியைக் கழற்றினேன். நாடா உரசிக்கொண்டு போகும் காந்த முனைக்கு ஹெட் என்று பெயர்; பதிவு செய்யும்போது பழையதை அழிப்பதற்கென்று தனியாக ஒரு ஹெட் உண்டு. ஏழுமலையின் மிஷினில் அதன்மேல் பழுப்பு அழுக்கு கெட்டியாகப் படிந்து, நாடாவை ஒட்டவிடாமல் தள்ளி வைத்திருந்தது.

"இதைக் கடைசியா எப்ப துடைச்சீங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "தொடைக்கணுமா?"

என் படிப்பில் இதற்குப் பராமரிப்பின்மை என்று பெயர். அன்று அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்காகத் துடைத்திருந்தால் ஜூன் சுத்தமாகப் போயிருப்பாள்.

"தப்பு பண்ணது நான். நானே வந்து சொல்றேன்" என்றார் ஏழுமலை. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு நான் குதிரை வண்டியில் ஏறினேன், அவர் சைக்கிளில் பின்னால் வந்தார். பாதி வழியில் குதிரை ஒரு கடை முன்னால் நின்றுவிட்டது. "புல்லு வாங்குற கடைம்மா. வாங்காம நவுராது" என்றார் வண்டிக்காரர். வாங்கிய பிறகு நகர்ந்தது.

அடி அண்ணாமலையில் ஏழுமலை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். முதலில் வெடித்தவர் தனலட்சுமி.

"ஏன்யா, செத்த பொண்ணு பேச்சு மேலயா உன் பாட்ட ஏத்துவ? ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பனா?"

"ஒட்ட அடைக்கத் தெரிஞ்சுதில்ல?"

ஜூன் குரல் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று சொல்லி லின்னிடம் ஹெட்போனை நீட்டினேன். மின்சாரம் குறைவாக வந்ததால் நாடா முதலில் தூங்கி வழிந்தது. தனலட்சுமி போய் வீட்டு மின்விசிறியை அணைத்த பிறகு சரியானது. லின் இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு கேட்டார். திரும்பக் கேட்டார். ஏழுமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்தவர் பாடும்போது குறுக்கே பேசுகிறாள்" என்றார் லின் கடைசியில், ஆங்கிலத்தில். "எப்போதும் அப்படித்தான்."

பிள்ளையாரை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, நீக்கினால் ஜூனும் போய்விடுவாள் என்றேன். நல்ல மிஷினில், நாடாவின் விளிம்பைப் பிடித்து ஓட்டினால் அவளைக் கொஞ்சம் மேலே கொண்டுவரலாம். அந்த மிஷின் லண்டனில் இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

லின் கேசட்டை வெளியே எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்தார். "லண்டனுக்கு எடுத்துப் போ, பிறகு திருப்பி அனுப்பு. நிபந்தனை அதேதான். முன்னால் இருப்பது முழுதாக வர வேண்டும், இவர் பாட்டோடு." தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏழுமலை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நீயும் போடு. உன் பாட்டும் போவுது."

ஏழுமலை தாளை வாங்கிப் பார்த்தார். "தட்டுல பேரு வருமாம்மா?"

"வரணும்" என்றார் லின்.

கையெழுத்திட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடையின் ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து, ஊதி, அழுத்தமாக ஒன்று குத்தினார்.

"இன்னாத்துக்குய்யா பாக்கெட்லயே வெச்சிக்கினு சுத்தற?" என்றார் தனலட்சுமி. அவருக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் ஏழுமலைக்கும் ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து வைத்தார்.

கல்யாணம் முடித்து லண்டன் திரும்பினேன். டெரிக் நாடாவைக் கேட்டார். முன்பகுதியை வெட்டிவிடலாம் என்றார். நிபந்தனையைக் காட்டினேன். பங்க் தொகுப்பில் பக்திப் பாட்டா என்றார். யானைத் தலைக் கடவுளைப் பற்றி அவருக்கு விளக்கியதில் ஒரு காபி ஆறியது.

"இந்தப் பாடகர் வேறு என்ன பதிவு செய்திருக்கிறார்?"

"அவர் கடையிலிருந்து போன எல்லாக் கேசட்டின் ஆரம்பத்திலும் இருக்கிறார்."

"தட்டு?"

"ஒன்றுகூட இல்லை."

"ஊருக்கு வெளியே இவரை யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத்தான்."

டெரிக் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வெட்டுவது பற்றிப் பேச்சில்லை.

கடை மூடிய பிறகு பல நாட்கள் அந்த ஒரு பகுதியோடு மட்டும் உட்கார்ந்தேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அழியாமல் தப்பிய ஓரத்தைத் தேடினேன். ஏழுமலை அசைந்துகொடுக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிய இடங்களில் ஜூன் மேலே வந்தாள். அவர் இழுத்துப் பாடிய இடங்களில் வரவில்லை.

இன்றைய நிலை இது. தொகுப்பு வெளிவந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் நான்காவது பாட்டு. உறையில் லின், ஜூன், மாடு வளர்ப்பவர், ஏழுமலை நால்வர் பெயரும் இருக்கின்றன. கேசட் லின்னிடம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. ஜூன் சொன்னதில் ஜன்னலும் அம்மாவும் கேட்கின்றன, எண்ணுவதும் கேட்கிறது. சிரிப்பு கிடைக்கவில்லை.